வீடு முழுவதற்கும் வாட்டர் பில்டர்: கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை

மட்டக்களப்புப் பக்கம் புது வீடு கட்டுபவர்கள் டைல்ஸ் பதித்த கையோடு பில்டர் விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. வெள்ளை டைல்ஸில் கொஞ்ச நாளிலேயே கறள் நிறத்தில் கோடு இறங்கிவிடும். கடைக்குப் போனால் மூன்று நீலக் கூடுகளை வரிசையாக மாட்டிக் காட்டி, "இதைப் போட்டால் எல்லாம் சரி" என்பார்கள். எல்லாவற்றையும் எடுக்கும் பில்டர் என்று ஒன்று கிடையாது. உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை வாங்குவது என்று பேசவே முடியும்.

படி 1: எந்தத் தண்ணீர்?

நீர் வழங்கல் சபையின் பைப் தண்ணீர் மட்டும்தான் பாவிக்கிறீர்கள் என்றால் உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரித்து, குளோரின் போட்டுத்தான் வருகிறது. பைப் உடைப்பில் வரும் மண்ணைப் பிடிக்க ஒரு சாதாரண கார்ட்ரிஜ் (கூட்டுக்குள் போடும் வடிகட்டி உருளை) போதும். குளோரின் மணம் பிடிக்காதவர்கள் கரி பில்டரைக் குசினிக் குழாயில் மட்டும் மாட்டுங்கள். டாங்கிக்கு முன்னால் மாட்டினால் குளோரின் அங்கேயே போய்விடும். பிறகு டாங்கிக்குள் கிருமி வளர்வதைத் தடுக்க ஒன்றும் இருக்காது.

கிணறு, குழாய்க்கிணறு வைத்திருப்பவர்களுக்குத்தான் மிச்சக் கதை.

படி 2: போத்தல் சோதனை

உள்ளே இருப்பது தெரியும் நிறமில்லாத பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுங்கள். மோட்டரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, டாங்கிக்குப் போகாத நேர்த் தண்ணீரில் முக்கால் போத்தல் பிடித்து, மூடிக் குலுக்கி, ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். அடுத்த நாள் காலை பாருங்கள்.

பிடிக்கும்போதே கலங்கலாக இருந்து அடியில் மணல் படிந்தால் அது வெறும் மண். சாதாரண கார்ட்ரிஜ் பிடித்துவிடும். பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்து, காலையில் மஞ்சளாகி, அடியில் செம்மண் நிறத்தில் பஞ்சு போல ஒரு படிவு நின்றால், அது கரைந்த இரும்பு. இந்த வித்தியாசம்தான் முக்கியம். கரைந்த இரும்பு எவ்வளவு நுண்ணிய கார்ட்ரிஜுக்குள்ளாலும் சிரமமில்லாமல் போய், டாங்கியில் காற்றுப் பட்ட பிறகு கறளாகும். "பில்டர் போட்டும் டைல்ஸ் சிவக்கிறது" என்று சொல்லும் வீடுகள் பலவற்றில் நடப்பது இதுதான். பிளேன்டீ ஊற்றினால் மை மாதிரிக் கறுத்துப்போவதும் இரும்பால்தான்.

சவர்க்காரம் நுரைக்காமல், கேத்தலில் வெள்ளைப் படை ஏறினால் கடினத்தன்மை. கூழ்முட்டை நாற்றம் அடித்தால் ஐதரசன் சல்பைட்டு. வாயில் வைத்தாலே தெரிவது சவர், அதாவது உப்புச் சுவை.

படி 3: ஆய்வுகூட அறிக்கை

கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாதவைதான் ஆபத்தானவை. சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். இரும்பு, கடினத்தன்மை, பீ.எச். (அமிலத்தன்மை அளவு), குளோரைட்டு, நைத்திரேற்று, புளோரைட்டு, ஈ.கோலை (மலத்திலிருந்து வரும் கிருமி) ஆகிய எல்லாவற்றையும் கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் போத்தலில்தான் எடுக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். வழியில் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுக் கொடுத்தால் அறிக்கையில் பிரயோசனமில்லை.

நைத்திரேற்றை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கல்லடி, காத்தான்குடி, காரைதீவு என்று கரையோரம் முழுக்க மணல் நிலம். வளவு சின்னது, மலசலகூடக் குழியும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில். மணலுக்குள்ளால் எல்லாம் இறங்கிவிடும். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் அப்படித்தான். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருந்தால், அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும்.

அம்பாறையின் உள்பக்கம் பாறை நிலத்தில் குழாய்க்கிணறு அடித்தவர்கள் கடினத்தன்மையையும் புளோரைட்டையும் முதலில் பாருங்கள்.

இன்னொன்று. பில்டர் விற்பவர் வீட்டுக்கு வந்து தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு, கரண்ட் கொடுத்து, தண்ணீர் சாக்கடை நிறமாவதைக் காட்டினால் பயப்படாதீர்கள். கரைவது அந்தக் கம்பியிலிருக்கும் இரும்பு. உப்புள்ள எந்தத் தண்ணீரும் அப்படித்தான் மாறும்.

படி 4: எதற்கு எது

இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் கறை தொடங்கும். அதற்கு மங்கனீசு ஊடகம் (இரும்பைப் பிடிக்கும் மணிகள்) நிரப்பிய உயரமான சிலிண்டர் வேண்டும். பீ.எச். 7க்குக் கீழே இருந்தால் இரும்பு மெதுவாகத்தான் கறளாகும், அதனால் முதலில் காற்றுப் பட வையுங்கள். செலவு குறைந்த வழி, ஒரு சின்ன டாங்கிக்குள் தண்ணீரை ஷவர் தலையால் விழவிட்டு, கறள் படிந்த பிறகு மணல் சிலிண்டருக்குள் அனுப்புவது. இடமிருந்தால் நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

கடினத்தன்மைக்கு சொஃப்ட்னர். அது கல்சியத்தை எடுத்து சோடியத்தைக் கொடுக்கும். உப்பு மூட்டை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இரும்பை எடுக்காமல் தண்ணீரை அதற்குள் விட்டால், உள்ளே கல்சியத்தைப் பிடிக்கும் ரெசின் மணிகள் கெட்டுவிடும்.

சவர், நைத்திரேற்று, புளோரைட்டு மூன்றையும் கார்ட்ரிஜோ கரியோ எடுக்காது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் குசினியில் ஒரு சின்ன ஆர்.ஓ. (தண்ணீரை மெல்லிய சவ்வுக்குள்ளால் அழுத்தி வடிக்கும் கருவி) வையுங்கள். முழு வீட்டுக்கும் ஆர்.ஓ. வைத்தால் குளிக்கிற தண்ணீருக்கும் கணிசமான பங்கு வீணாகப் போகும். கரையோரக் கிணறு சவர்க்கிறது என்றால் பில்டரைவிட முதலில் மோட்டரைக் குறைத்துப் பாருங்கள். நல்ல தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. இழுக்க இழுக்கக் கீழே இருப்பது மேலே வரும்.

கிருமிக்கு யூ.வி. (புற ஊதா) விளக்கு நல்லதுதான், ஆனால் கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது. எல்லாப் பில்டருக்கும் கடைசியில் வையுங்கள்.

படி 5: எங்கே, எவ்வளவு பெரியது

எங்கள் வீடுகளில் தண்ணீர் மேல் டாங்கியிலிருந்து தானாக இறங்குகிறது. பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. 15 அடி உயர டாங்கி அரை பார்கூடத் தராது. அதன் வழியில் பில்டரை மாட்டினால், கார்ட்ரிஜ் கொஞ்சம் அடைத்ததுமே ஷவர் சொட்ட ஆரம்பிக்கும். அதனால் மோட்டருக்கும் டாங்கிக்கும் நடுவில் பூட்டுங்கள்.

பத்து லீற்றர் வாளியை மோட்டர்த் தண்ணீரால் நிரப்பி நேரம் பாருங்கள். 20 செக்கன் என்றால் நிமிடத்துக்கு 30 லீற்றர். இரும்பை எடுக்கும் பத்து அங்குல விட்டமுள்ள சிலிண்டருக்குள் நிமிடத்துக்குப் பத்து லீற்றர் அளவில் போனால்தான் வேலை செய்யும். அதனால் வால்வை மூடிக் குறைக்க வேண்டும். ஆனால் பேக்வாஷ் செய்யும்போது, அதாவது தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டுக் கழுவும்போது, 20 முதல் 30 லீற்றர் வேகம் இல்லாவிட்டால் உள்ளே படிந்த கறள் கிளம்பாது. அப்போது வால்வை முழுதாகத் திறந்துவிடுங்கள். மோட்டர் அந்த வேகத்தைத் தராவிட்டால் பெரிய சிலிண்டர் வாங்குவது காசைக் கரைப்பதுதான். பேக்வாஷ் தண்ணீர் காவி நிறத்தில் வரும். அதைக் கிணற்றடியில் விடாமல் வாழைக்குப் போக வையுங்கள்.

படி 6: கடையில்

கார்ட்ரிஜ் என்ன அளவு, அதே அளவு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வேறு கடையிலும் கிடைக்குமா, ஊடகத்தை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்கு யார் வருவார் என்று கேளுங்கள். அறிக்கையை அவர்கள் பார்க்க மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பில்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு பிரஷர் மீற்றர் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கூடினால் கழுவும் நேரம் வந்துவிட்டது.

பூட்டும்போது, பில்டருக்குள் போகாமல் தண்ணீரைச் சுற்றி விடும் பைபாஸ் வால்வு வைக்கச் சொல்லுங்கள். மாரியில் வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கினால் குளோரின் போட்டு இறைப்பார்கள். அந்தக் கடும் குளோரின் தண்ணீர் கரிக்குள்ளும் ரெசினுக்குள்ளும் போனால் அவை பாழ். பைபாஸைத் திறந்து, பில்டரை மூடி, குளோரின் மணம் போகும்வரை இறைத்துவிட்டு, பிறகு பில்டரைத் திறங்கள். அதற்குப் பிறகு ஒரு தடவை ஈ.கோலை பரிசோதித்துவிட்டுக் குடிக்கத் தொடங்கலாம்.