மாரி மழையில் அடீனியம் அழுகாமல் காப்பது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் சாடியில் வளர்க்கும் அடீனியத்தை (பாலைவன ரோஜா) வெயில் கொல்வதில்லை. கச்சான் காற்று அனலாக வீசும் யூன், யூலையில் இலை சுருண்டாலும் மரம் தாங்கிக்கொள்ளும். சாவது மாரியில்தான். வருட மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்க்கிறது. சகாராவுக்குத் தெற்கேயும் அரேபியாவிலும் வறண்ட நிலத்தில் வளரும் செடிக்கு இது பழக்கமில்லாத காலம்.

மழைநீர் இலையிலும் தண்டிலும் படுவதால் கெடுதல் பெரிதாக இல்லை. கெடுப்பது காயாத மண். பருத்த அடித்தண்டில், ஆட்கள் கிழங்கு என்று சொல்லும் பகுதியில், ஏற்கெனவே நீர் சேர்ந்திருக்கிறது. வானம் மூடிக் கிடக்கும்போது இலை வழியே நீர் போவது குறைய, வேரும் குடிப்பதைக் குறைத்துவிடும். மண்ணின் இடைவெளியெல்லாம் நீர் நிரம்பி, காற்றில்லாமல் நுனிவேர்கள் செத்துப்போகும். செத்த வேர் வழியாகப் பூஞ்சணம் கிழங்குக்குள் ஏறும். மழை பிடித்த பிறகு இந்த ஈரத்தைக் காயவைக்க வழியில்லை. அதனால் மாரிக்கான வேலையை வெயில் இருக்கும்போதே, ஓகஸ்ட், செப்டெம்பரில் முடிக்க வேண்டும்.

முதல் வேலை மண். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் கிடைக்கும் கடற்கரை மணல் மிக நைசானது, உப்பும் இருக்கும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வயல் மண் களி. இரண்டும் சாடிக்கு ஆகாது. ஆற்று மணலை 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்து, தட்டில் தங்கும் பருமணலை மட்டும் எடுங்கள். அது 3 பங்கு, உமிக்கரி 3 பங்கு, சுண்டுவிரல் நகம் அளவில் உடைத்த ஓடு அல்லது செங்கல் 2 பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு 1 பங்கு. உமிக்கு இங்கே பஞ்சமில்லை, ஆனால் அதைக் கருக்கும்போது கவனம் வேண்டும். கறுப்பாக, உமியின் வடிவம் குலையாமல் இருக்கும்போதே தண்ணீர் தெளித்து அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சாம்பலாகிவிட்டால் அது மண்ணின் இடைவெளியை அடைக்கும், காரமும் கூடும். பச்சை உமி மக்கும்போது செடிக்கு வேண்டிய நைதரசனை இழுத்துக்கொள்ளும். கடைக்காரர் தரும் தும்புச்சோற்று (தேங்காய்த் தும்பின் தூள்) கலவையில் அப்படியே வளர்த்தால் கோடையில் செடி அழகாக நிற்கும். அதே சோறு மாரியில் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்து அழிக்கும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் அது வேண்டாம்.

சாடியின் அடியில் கல் பரப்பினால் நீர் வடியும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். நைசான மண்ணிலிருந்து பருங்கல்லுக்குள் நீர் லேசில் இறங்காது, கல்லுக்கு மேலேயே ஈரம் தங்கி வேர்ப்பக்கம் உயர்ந்துவிடும். துளையை வலைத்துண்டால் மூடி, மேலிருந்து அடிவரை ஒரே கலவை போடுங்கள். 10 அங்குலச் சாடியில் விரல் பருமனில் நாலைந்து துளைகள் இருக்க வேண்டும். ஒரு லீற்றர் நீர் ஊற்றிப் பாருங்கள். அரை நிமிடத்துக்கு மேல் மேலே தேங்கி நின்றால் கலவையை மாற்றுவதே நல்லது. சாடி மாற்றியபின் ஒரு கிழமை நீர் ஊற்றக் கூடாது, அறுந்த வேர் ஆறட்டும். செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு கிளை வெட்டாதீர்கள். வெட்டுவாய் காயுமுன் மழை வந்துவிடும். யூரியாவையும் அந்த மாதத் தொடக்கத்திலேயே நிறுத்துங்கள். அது தள்ளும் இளந்தண்டுதான் முதலில் அழுகும்.

அடுத்தது கூரை. பச்சை நிழல்வலை மழையை மறிக்காது, இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் குறைக்கும். தறப்பாள் போட்டால் இருட்டு. ஒளி புகும் 200 மைக்ரோன் பொலித்தீனே சரி. வெயிலுக்கு வெடிக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள். மாரியில் காற்றும் சாரலும் வடகிழக்கிலிருந்து வருவதால் கூரையின் தாழ்ந்த பக்கம் அந்தத் திசையில் இருக்கட்டும். ஒரு மீற்றருக்கு 30 சென்ரிமீற்றர் சரிவு இருந்தால் நீர் குளம்போல் தேங்காது. மற்றப் பக்கங்களை மூட வேண்டாம், காற்று ஓட வேண்டும். சாடிகளை நிலத்தில் வைக்காமல் கல்லுக்கு மேலே வையுங்கள். வாவிக்கரையிலும் பள்ளமான வளவுகளிலும் மேசை உயரம் தேவை, 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு ஏனென்று சொல்ல வேண்டியதில்லை. சாடிக்கு அடியில் இருக்கும் தட்டுகளைக் கழற்றிவிடுங்கள், டெங்கு நுளம்புக்கும் அவைதான் வீடு.

1978 நவம்பர் 23 சூறாவளி வந்த மாதத்தை இந்தக் கரையில் மறக்க முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் பொலித்தீனைக் கழற்றிவிட்டு, சாடிகளைச் சுவரோரம் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மண்ணுக்குள் நீர் இறங்காது, காற்றும் சாய்க்காது. இரண்டு மூன்று நாள் அப்படிக் கிடப்பதால் செடிக்கு ஒன்றும் ஆகாது. கூரை போட வசதியில்லாதவர்களுக்கும் அடைமழை நாட்களில் இதுவே கைகொடுக்கும்.

குளிர்நாட்டு வளர்ப்பாளர்கள் மாதக்கணக்கில் நீரை முற்றாக நிறுத்தச் சொல்வார்கள். அங்கே குளிரில் செடி உறங்குகிறது. இங்கே தையிலும் இரவு வெப்பம் 23 பாகை அளவில் இருப்பதால் அது முழுதாக உறங்குவதில்லை. கூரைக்குள் இருக்கும் 10 அங்குலச் சாடிக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை, வெயில் எட்டிப்பார்க்கும் காலையில், 200 மில்லிலீற்றர் போதும். அதற்கு முன் ஈர்க்கு ஒன்றை அடிவரை குத்திப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். ஈரமாக வந்தால் அன்று நீர் வேண்டாம். அடியிலைகள் மஞ்சளாகி உதிர்வது இந்தக் காலத்தில் வழமை.

பலர் மரத்தை இழப்பது கிழங்கு மெதுவாவதைப் பிழையாகப் புரிந்துகொண்டுதான். தாகத்தால் மெதுவானால் சுற்றிவர ஒரே மாதிரி மெதுவாக இருக்கும், தோல் சுருங்கும், நீர் ஊற்றி இரண்டு மூன்று நாளில் இறுகும். அழுகல் ஒரு பக்கத்தில் தொடங்கும். அழுத்தினால் விரல் உள்ளே போகும், தோல் உரியும், கபில நிற நீர் கசியும், நாறும். அழுகுகிற கிழங்கைத் தாகம் என்று நினைத்து ஊற்றும் ஒரு குவளை நீரோடு கதை முடிந்துவிடும்.

அழுகல் என்று தெரிந்தால் அன்றே பிடுங்கி, மண்ணைக் கழுவுங்கள். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தியைத் துடையுங்கள். வெட்டுமுகம் முழுக்க வெள்ளையாகத் தெரியும்வரை நிறுத்தாதீர்கள். ஊசிமுனை அளவு கபிலப் புள்ளி மிஞ்சினாலும் அது திரும்பப் பரவும். வெட்டுவாயில் கறுவாத் தூள் தடவுங்கள், நல்ல வேர்களில் படவிடாதீர்கள், அது வேரைக் காயவைத்துவிடும். பிறகு மழை படாத இடத்தில் தொங்கவிடுங்கள். மாரி ஈரப்பதத்தில் வெட்டுவாய் இலகுவில் காயாது, விசிறிக் காற்று படட்டும். தக்கைபோல் இறுக 10 முதல் 14 நாள் பிடிக்கும். அதன்பின் உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு கிழமை கழித்தே நீர். அழுகல் கிழங்கைச் சுற்றி வளைத்துவிட்டால் கிழங்கு மிஞ்சாது. பெருவிரல் பருமனான கிளையை 15 சென்ரிமீற்றர் வெட்டிக் காயவைத்து நட்டு, அந்தப் பூவின் நிறத்தையாவது காப்பாற்றலாம். விதையில் வளர்ந்ததுபோல் பருத்த அடி அதற்கு வராது.

வெட்டும்போது வடியும் பால் நஞ்சு, அலரியின் குடும்பம்தான் இதுவும். கையுறை போடுங்கள், கண்ணில் படக்கூடாது, வெட்டிய துண்டுகளைப் பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கும் எட்டாமல் புதையுங்கள்.

பெப்ரவரியில் மழை ஓய்ந்ததும் கூரையை ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். மூன்று மாதம் மங்கலில் இருந்த கிழங்கின் தோல், திடீர் வெயிலில் மேற்குப் பக்கம் வெந்து வெளிறும். அந்த வடு ஆறவே ஆறாது. முதல் கிழமை காலை வெயில் மட்டும், பத்து மணிக்குப் பின் நிழல். புதுத்துளிர் ஒரு அங்குலம் வந்த பிறகு எரு போடத் தொடங்கலாம்.