லென்ஸும் சென்சர் அளவும்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்து லயன் அறை ஒன்று பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். அப்படியோர் அறையில் நடந்த சடங்கைப் படம்பிடிக்க 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றை மட்டும் நம்பிச் சென்ற நான், சுவரோடு முதுகை ஒட்டி நின்றும் பிள்ளையையும் தாய்மாமனையும் தவிர வேறெவரையும் படத்துக்குள் கொண்டுவர முடியாமல் திண்டாடினேன். லென்ஸில் குறையில்லை, லென்ஸ் விழுத்தும் பிம்பத்தைப் பதியும் என் கமராவின் சென்சர் சிறியது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தக் கணக்கு எளியது. சென்சரின் அகலத்தை லென்ஸின் குவியத்தூரத்தால், அதாவது அதன் மில்லிமீற்றர் எண்ணால், வகுத்து, நாம் நிற்கும் தூரத்தால் பெருக்கினால், படத்தில் அடங்கும் அகலம் கிடைத்துவிடும். மூன்று மீற்றர் தூரத்தில் நின்றால், 36 மில்லிமீற்றர் அகலமுள்ள ஃபுல் பிரேம் சென்சரில் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஏறக்குறைய 2.16 மீற்றரை அடக்கும்; 23.5 மில்லிமீற்றர் அகலமுள்ள ஏபிஎஸ்-சி சென்சரிலோ 1.4 மீற்றரோடு நின்றுவிடும். அன்று 18 மில்லிமீற்றர் லென்ஸ் கையிலிருந்திருந்தால் 3.9 மீற்றர், அதாவது குடும்பம் முழுவதும், அடங்கியிருக்கும்.

இங்கே பலர் இன்னொரு குழப்பத்தில் விழுகிறார்கள். சிறிய சென்சருக்கென்றே செய்த லென்ஸில் பொறித்துள்ள எண் ஏற்கெனவே மாற்றிக் கணக்கிடப்பட்டது என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல; எந்த லென்ஸிலும் பொறிக்கப்படுவது அதன் உண்மையான குவியத்தூரமே. ஆகவே நிக்கோன், சோனி ஆகியவற்றின் ஏபிஎஸ்-சி கமராக்களில் 1.5 ஆலும், கெனனில் 1.6 ஆலும், இன்னும் சிறிய சென்சருள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கமராக்களில் 2 ஆலும் பெருக்கினால்தான் ஃபுல் பிரேமில் அதே காட்சியைத் தரும் குவியத்தூரம் தெரியும்.

ஹோட்டன் சமவெளியில் பறவைகளைப் படமெடுக்கப் போகிறவர்கள் இதே பெருக்கலை மறுபக்கமாகத் தவறவிடுகிறார்கள். 300 மில்லிமீற்றர் லென்ஸ் சிறிய சென்சரில் 450 ஆக நீண்டுவிடுவதில்லை; லென்ஸ் விழுத்தும் பிம்பத்தின் நடுப்பகுதியைச் சென்சர் வெட்டி எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் 24 மெகாபிக்சல் சிறிய சென்சரில் அத்தனையும் அந்த நடுப்பகுதிக்கே கிடைக்க, 24 மெகாபிக்சல் ஃபுல் பிரேம் படத்தை அதே அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது பத்துப் பதினொரு மெகாபிக்சல்தான் என்பதால், பறவைகளைப் படம்பிடிப்பவருக்குச் சிறிய சென்சர் நல்ல துணை என்பதே என் கருத்து.

ஒவ்வொரு லென்ஸும் வட்டமான பிம்பத்தையே விழுத்துகிறது. நிக்கோனின் டிஎக்ஸ், சிக்மாவின் டிசி போன்ற குறியுள்ள லென்ஸ்களின் வட்டம் சிறியது. அவற்றை ஃபுல் பிரேம் கமராவில் மாட்டினால் மூலைகள் கறுக்கும், அல்லது கமராவே படத்தின் ஓரங்களை வெட்டிவிடும். மாட்ட முடிகிறது என்பதாலேயே பொருந்துகிறது என்று கொள்ளக்கூடாது. கெனன் தன் இஎஃப்-எஸ் லென்ஸ்களைக் உள்ளே முகம்பார்க்கும் கண்ணாடிபோன்ற ஆடியுள்ள (டிஎஸ்எல்ஆர்) ஃபுல் பிரேம் கமராக்களில் மாட்டவே முடியாதபடி செய்திருக்கிறது. ஆனால் கெனன் கமராக்களின் இணைப்புக்கெனப் பிற நிறுவனங்கள் செய்யும் சிறுவட்ட லென்ஸ்கள் தடையின்றி மாட்டுப்பட்டுவிடும்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் பழைய லென்ஸ்களில் சிக்கல் வேறு. நிக்கோனின் எஃப் இணைப்புள்ள லென்ஸின் பின்விளிம்புக்கும் சென்சருக்கும் இடையே 46.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கெனனின் இஎஃப் இணைப்புள்ள லென்ஸுக்கு 44 போதும். எனவே எஞ்சும் இடைவெளியை நிரப்பும் அடாப்டரோடு நிக்கோன் லென்ஸைக் கெனனில் பயன்படுத்தலாம். மறுதலையாகச் செய்தால், உள்ளே லென்ஸ் வில்லை வைத்த அடாப்டர் இல்லாத வரையில், கையருகிலுள்ள கொழுந்து தெளியுமேயன்றி எதிர்மலை தெளியாது. சோனி இ இணைப்புக்கு இந்த இடைவெளி 18 மில்லிமீற்றர் மட்டுமே என்பதால் அதில் அடாப்டரோடு இரண்டும் பொருந்தும்.

லென்ஸுக்குள் ஒளியை விடும் துவாரத்தைப் பற்றி, சிறிய சென்சரில் ஷட்டர் வேகம் குறைந்துவிடுமோ என்ற அச்சம் மட்டும் தேவையற்றது. இரவில் காமன் கூத்தைப் படமெடுக்கும்போது, எஃப் 2.8 என்ற துவார அளவு எந்தச் சென்சரிலும் ஒரே ஷட்டர் வேகத்தையே தரும். ஒரே காட்சியை அடக்கும்போது சிறிய சென்சரில் பின்னணி சற்றுக் குறைவாக மங்கும், படத்தில் மணல்போன்ற இரைச்சலும் கூடுதலாகத் தெரியும்.

பழைய லென்ஸை வாங்கும்முன் சொந்தக் கமராவில் மாட்டி, துவாரத்தை முழுவதும் திறந்து, மூடுபனி படர்ந்த வானத்தை ஒரு படம் எடுங்கள். அந்த வெண்மையில் மூலைக்கறுப்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு பனி விலகும்வரை காத்திருந்து, மிகத் தொலைவிலுள்ள மலைமுகட்டின் மரங்கள் தெளிவாக விழுகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.