பட்டில் கத்திரி வைக்கும் முன்

பெரிய தையல் வேலை ஒன்றை வீட்டிலேயே எடுத்துச் செய்யும் ஆசை இப்போது நம் பக்கம் நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. பீரோவில் கிடக்கும் ஆச்சியின் முகூர்த்தப் பட்டைப் பேத்திக்கு லாங் கவுனாக மாற்றுவது, கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே துணியில் எடுத்துத் தைப்பது, பழைய பருத்திச் சேலைகளை ஒட்டி இரட்டைக் கட்டிலுக்குப் போர்வை போடுவது. எல்லாமே வாரக்கணக்கில் இழுக்கும் வேலைகள். அப்படி இழுப்பதில்தான் சந்தோஷமே இருக்கிறது. ஒரு நைட்டியை மத்தியானம் வெட்டிச் சாயங்காலம் முடித்துவிடலாம், மறுநாள் அது மறந்தும் போகும். ஒரு பட்டுக் கவுனோ மாதக்கணக்கில் உங்களோடு வீட்டில் இருக்கும். அரிசி களையும்போதுகூட அடுத்து எந்தத் தையல் என்று மனசு அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்குத் தையல் கற்க வரும் பெண்கள் இப்படிப்பட்ட வேலைகளைத் தைரியமாக எடுக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நான் கற்ற காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. பாபினை மாற்றி மாட்டுவது, நூல் டென்ஷன், மழுங்கிய ஊசி இதையெல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை. கொஞ்ச நாளில் அது தானாகச் சரியாகிவிடும். துணியும் மாதங்களும் ஒன்றாகப் போகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சேலையை விரித்துப் பார்க்காமல் திட்டம் போடுவது

சேலை ஐந்தரை மீட்டர், அதனால் இத்தனை பீஸ் வரும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். பழைய பட்டில் ஐந்தரை மீட்டரும் வேலைக்கு ஆகாது. வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த சேலை அந்த மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போயிருக்கும். மேலாகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இழை விட்ட இடத்தில் வெளிச்சம் கோடுகோடாக வரும். அந்தக் கோட்டைச் சாக்கால் குறித்துக்கொண்டு, மிச்சத்தில்தான் பீஸ் போட வேண்டும். கொசுவத்தின் கீழ்ப்பக்கம் தரையில் உரசித் தேய்ந்திருக்கும், அதையும் பாருங்கள்.

அடுத்தது பூவின் திசை. நம் வீரவநல்லூர் செடி புட்டாச் சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதை வாங்கி கவுன் தைக்கக் கேட்பவர்களும் உண்டு. கவுனின் பாவாடைப் பீஸ்கள் மேலே குறுகிக் கீழே விரியும். துணி மிச்சப்படும் என்று ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் போட்டு வெட்டினால், செடி நெய்த துணியில் பாதிச் செடி வேர் மேலே, பூ கீழே என்று நிற்கும். இணைத்து முடித்து மாட்டிப் பார்க்கும்போதுதான் அது கண்ணில் படும். செடி, மயில், மாங்காய் என்று திசை உள்ள எந்தப் பூவாக இருந்தாலும் எல்லாப் பீஸையும் ஒரே பக்கம் தலை வைத்துத்தான் வெட்ட வேண்டும். துணி கூட ஆகும், ஆகட்டும்.

நனைக்காத லைனிங்

சேலைக்கு ஃபால்ஸ் வைக்கும்போது நனைத்துக் காயவைத்துத்தான் தைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே ஆட்கள் கவுனுக்கு லைனிங்கைக் கடையில் வாங்கி வந்த கஞ்சியோடு வெட்டுகிறார்கள். தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், இழுத்துக் கட்டிய நிலையில் துணி நெய்யப்படுகிறது. கஞ்சி அதை அப்படியே பிடித்து நிறுத்துகிறது. தண்ணீர் பட்டதும் கஞ்சி இளகும், நூல் பருக்கும், துணி நீளவாக்கில் உள்ளே வாங்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினாலே 40 இஞ்ச் லைனிங்கில் 2 இஞ்ச் போய்விடும். மேலே பட்டு அப்படியே இருக்க, உள்ளே லைனிங் அதைப் பிடித்து இழுக்கும். இரவு முழுக்க ஊறப்போட்டு, முறுக்கிப் பிழியாமல் கொடியில் போட்டு, லேசான ஈரத்தில் தேய்த்து வையுங்கள். பட்டை நனைக்க வேண்டாம்.

உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்துக் கடைக்கு வந்த துணியில் அதற்கு வேலை கிடையாது. சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் ஒரு ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். போகிறது என்றால் அந்த லைனிங் பட்டுக்கு வேண்டாம்.

அளவு சட்டையை நம்பி நேரே பட்டை வெட்டுவது

அளவு சட்டை என்றால் அளவுக்காக வைத்துக்கொள்ளும் பழைய பிளவுஸ். இதைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தது. எத்தனை முறை சொன்னாலும் இது நிற்கவில்லை, எனக்குக் கோபமும் தீரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண். கை சுத்தம், தையல் நேர்கோடாக விழும். அவளுடைய ஆச்சியின் பட்டு, மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. தங்கச்சி கல்யாணத்துக்கு அதைக் கவுனாகத் தைக்க ஆசை. ஒருநாள் பையோடு வந்தாள்.

“அக்கா, அளவு சட்டை எனக்கு அப்படியே பொருந்துது. அதை வச்சே வெட்டிட்டேன்.”

“ட்ரையல் பாத்தியாட்டி?”

“அது எதுக்குக்கா ரெண்டு வேலை?”

பாவாடைக்கு எல்லாப் பீஸும் வெட்டியாகிவிட்டது. முந்தியை முன்பக்கத்துக்கு எடுத்துவிட்டாள். மேல்பாகத்தை முடித்துப் போட்டுப் பார்த்தால் கையைத் தூக்க முடியவில்லை, மூச்சு இழுத்தால் பக்கத் தையல் நெரிகிறது. பிரித்து விடலாம் என்றால் உள்ளே அரை இஞ்ச்தான் துணி. அதையும் பிரித்தபோது பழைய தையல் இருந்த கோடு நெடுக ஊசித் துளை வரிசையாகத் தெரிந்தது. பருத்தியில் நனைத்துத் தேய்த்தால் துளை பெரும்பாலும் மூடிவிடும். பட்டில் மூடாது. பட்டில் ஒவ்வொரு தையலும் ஒரே தடவைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சேலை கடைசியில் அக்கா மகளுக்குப் பாவாடை சட்டையானது. குழந்தைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் நினைத்துத் தொடங்கியது அது இல்லை.

அளவு சட்டை ஏன் ஏமாற்றுகிறது? அது மாசக்கணக்கில் வேர்வையிலும் துவைப்பிலும் உடம்புக்குத் தகுந்தபடி இளகிய துணி. க்ராஸ் கட் (இழைக்குச் சாய்வாக வெட்டியது) என்றால் இன்னும் நெகிழ்ந்து கொடுக்கும். நடுவில் எப்போதோ பக்கத் தையலைப் பிரித்து விட்டிருப்பீர்கள், அது நினைவிலும் இருக்காது. பட்டோ கரையோடு விறைப்பாக நிற்கும், கொஞ்சமும் கொடுக்காது. அதற்குள் லைனிங், கழுத்துக்குக் கேன்வாஸ் என்று மூன்று அடுக்கு சேரும்போது உள்சுற்று இன்னும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: சட்டை மார்புக்குக் கீழே நின்றுவிடும், கவுனின் மேல்பாகம் இடுப்பு வரை போய், அங்கிருந்து கனமான பாவாடையைச் சுமக்க வேண்டும். அந்தக் கனம் தோளிலிருந்து முழுவதையும் கீழே இழுக்கும். அளவு சட்டையில் இதற்குப் பதிலே கிடையாது.

காகித வெட்டு எடுத்தோமே, அது போதாதா என்று கேட்பார்கள். காகிதம் நீள அகலத்தைச் சொல்லும். உடம்பின் மேல் துணி எப்படி விழும் என்று அதற்குத் தெரியாது.

சரி, என்ன செய்ய வேண்டும்? வீட்டில் பழைய எட்டு முழ வேட்டி ஒன்று எடுங்கள். இல்லாவிட்டால் கடையில் காடாத் துணி. மேல்பாகம் மொத்தத்தையும் அதில் வெட்டுங்கள், சுற்றிலும் ஒரு இஞ்ச் விட்டு. மெஷினில் தையல் நீளத்தை நீளமாக வைத்து ஓட்டுங்கள், பிரிக்கச் சுலபமாக இருக்கும். இடுப்பில் ஒரு பழைய பாவாடையை இணைத்துவிடுங்கள், கனம் தெரிய வேண்டும். விசேஷத்துக்குப் போடப்போகும் உள்ளாடையோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்றால் மட்டும் போதாது. உட்காருங்கள், குனியுங்கள், பூ வைப்பது மாதிரிக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டு போங்கள்.

அப்போது துணி பேசும். மார்பு முனையிலிருந்து பக்கத்துக்குச் சாய்வாக மடிப்பு ஓடினால் மார்பில் அகலம் போதவில்லை. கையை முன்னால் நீட்டும்போது முதுகில் குறுக்காக இழுத்தால் முதுகு அகலம் போதவில்லை. இறுக்கமான இடத்தில் தைரியமாகக் கத்திரியால் கீறிவிடுங்கள், வேட்டிதானே. கீறல் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு அங்கே சேர்க்க வேண்டும். தொளதொளவென்று இருக்கும் இடத்தைப் பிடித்து ஊசி குத்துங்கள். எல்லாவற்றையும் பேனாவால் அந்தத் துணியிலேயே எழுதுங்கள்.

இங்கே ஒரு உள்தவறு உண்டு. கை தூக்க முடியவில்லை என்றவுடன் கைக்குழியைக் கீழே தோண்டுகிறார்கள். தோண்டத் தோண்ட இன்னும் மோசமாகும். கைக்குழி இறங்கினால் கையைத் தூக்கும்போது பக்கத் துணி முழுக்க மேலே ஏறும். குழி அக்குளுக்கு நெருக்கமாக இருந்து, கையின் மேல்பகுதியில் அகலம் கூட வேண்டும். இதை ஒருமுறை வேட்டித் துணியில் இரண்டு விதமாகவும் தைத்துப் பார்த்தால் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாம் சரியானதும் அந்தத் தையலைப் பிரித்து, தேய்த்து, அதையே வெட்டும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து முதலில் லைனிங்கை வெட்டி ஓட்டுத்தையல் போட்டு இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகுதான் பட்டு. பக்கத்தில் ஒன்றரை இஞ்ச் உள்ளே விடுங்கள்.

இதற்கு ஆகும் நேரம் இரண்டு மாலைகள். மாதக்கணக்கில் நடக்கப்போகும் ஒரு வேலையில் இரண்டு மாலையை மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்? எனக்குப் புரியாதது இதுதான். உடம்பும் துணியும் ஒன்றையொன்று புரிந்துகொள்கிற நேரம் அது. எனக்கு மொத்த வேலையிலும் மிகப் பிடித்த கட்டம் அதுதான். பட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும், எந்தப் பயமும் இல்லாமல் வெட்டலாம், கிழிக்கலாம், திரும்பத் தைக்கலாம்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வெட்டுவது

வேண்டாம். ஹெம்மிங் பண்ணுங்கள், வெட்டாதீர்கள்.

முடிக்கும் நாளை மட்டுமே நினைத்துத் தைப்பது

ஆனித் தேருக்குள் முடிக்க வேண்டும், கல்யாணத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டு தொடங்குகிறோம். குறிக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னால் முடியும்படி குறியுங்கள். கடைசி வாரத்தில் விழும் தையலில் அந்த அவசரம் அப்படியே பதிந்துவிடும். கழுத்து வளைவில்தான் அது முதலில் தெரியும்.

பொறுமையான கைவேலைக்கு நம் ஊர் புதிதில்லை. 1844-ல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்த எலைசா அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய அம்மா மார்த்தா மால்ட் அதற்கு முன்பே நாகர்கோவிலில் அந்த வேலையைத் தொடங்கியிருந்தார். தலையணை மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ் அது. ஒரு விரல் நீளம் வளரவே வெகுநேரம் ஆகும். அந்த லேஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, கை எங்கேயும் அவசரப்படவில்லை என்பது தெரியும்.

நடுவில் வேலை நின்றுபோனாலும் பரவாயில்லை. ஆனால் நிறுத்தும்போது எங்கே நிறுத்தினோம், அடுத்து எது என்று ஒரு நோட்டில் எழுதி, பீஸ்களோடு ஒரே பையில் போட்டு வையுங்கள். பிள்ளைகள் பரீட்சை முடிந்து ஒரு மாதம் கழித்துப் பையைத் திறக்கும்போது, எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இரண்டு பெரிய வேலையை ஒன்றாக எடுப்பது

எடுக்காதீர்கள்.

தேய்க்காமல் அடுத்த தையலுக்குப் போவது

ஒவ்வொரு தையலையும் போட்ட உடனே, உள்பக்கத் துணி ஓரங்களை இரண்டு பக்கமும் விரித்து வைத்துத் தேய்க்க வேண்டும். பட்டில் தண்ணீர் தெளிக்கக் கூடாது, கறை மாதிரித் தடம் நிற்கும். உள்பக்கமாக, சூடு குறைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேயுங்கள். இப்போது வரும் ஜரிகை பலவற்றில் பாலியஸ்டர் இருக்கிறது, சூடு கூடினால் சுருண்டுவிடும். சித்திரை வெயிலில் தைக்கும்போது மடியில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள். வேர்வையும் தடம்தான்.

அம்பர்லா பாவாடையை அன்றைக்கே மடித்துத் தைப்பது

வட்டமாக வெட்டிய பாவாடையில் சில இடம் நேர் இழை, சில இடம் க்ராஸ். க்ராஸ் இருக்கும் இடம் தன் கனத்திலேயே கீழே இறங்கும். இணைத்து முடித்ததும் ஹேங்கரில் மாட்டி ஓர் இரவாவது விடுங்கள், கனமான துணி என்றால் இரண்டு நாள். மறுநாள் பார்த்தால் கீழ் விளிம்பு ஏற்ற இறக்கமாக இருக்கும். போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் ஒரே உயரத்தில் குறியுங்கள். அந்தக் கோட்டில் வெட்டி மடிக்க வேண்டும். முதல் நாளே மடித்துத் தைத்தவர்களின் பாவாடை இரண்டாவது முறை போடும்போது பக்கத்தில் தொங்கும், தேய்த்தும் சரி பண்ண முடியாது.

மீதித் துணியைத் தூர எறிவது

கைப்பிடி அளவு துண்டானாலும் வைத்திருங்கள். ஒன்றிரண்டைப் பக்கத் தையலுக்கு உள்ளேயே நான்கு தையலில் தைத்து விட்டுவிடுங்கள். பத்து வருஷம் கழித்து அக்குளில் ஒட்டுப் போடவோ, இடுப்பை அகலமாக்கவோ வேண்டிவரும். ரத வீதியில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் அந்தச் சாயத்தில் ஒரு சாண் துணி கிடைக்காது.