மீன் வண்டி மட்கார்டில் வெடிப்பு விழுந்தால்

மச்சான் மீன் லாரியின் முன் மட்கார்டைக் கழற்றி வந்து பட்டறைச் சுவரில் சாத்தினார். "மாப்ள, கொஞ்சம் பட்டி வச்சு பெயின்ட் அடிச்சுக் குடுத்துரு, சாயங்காலம் லோடு இருக்கு." தங்கச்சிமடத்தில் எனக்கு வேலை படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறினால் தலை நிமிர முடியாது. ஆனால் படகோ வண்டியோ, ஃபைபர் ஃபைபர்தான். மேலே மட்டும் பட்டி பூசினால் பத்து நாள்கூடத் தாங்காது. வெடிப்பைப் பின்பக்கம்தான் கட்ட வேண்டும்.

முதலில் உப்பு. நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுங்கள். மீன் வண்டி என்றால் ஐஸ் தண்ணீரோடு மீன் எண்ணெயும் ஊறியிருக்கும், அதனால் காய்ந்ததும் அசிட்டோன் தொட்ட துணியால் ஒரே திசையில் துடைத்தெடுங்கள். இதையெல்லாம் முடிக்காமல் உப்புத்தாளைத் தொட்டால் எண்ணெயை உள்ளே தேய்த்து ஏற்றுவீர்கள். பெயின்ட் அடிக்கும்போது குழி குழியாகக் கிளம்பும்.

வெடிப்பு முடியும் நுனியைத் தேடி அங்கே 3 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள், அதற்குமேல் ஓடாது. மட்கார்டின் பின்புறத்தை 80 நம்பர் தாளால் பளபளப்பு போகும்வரை சொரசொரப்பாக்குங்கள், வெடிப்புக்கு இருபக்கமும் நாலு விரல் அகலம். முன்புறம் வெடிப்பின் மேலேயே கிரைண்டரால் வி வடிவில் பள்ளம் எடுங்கள். முழுக்கைச் சட்டை, முகமூடி, கண்ணாடி கட்டாயம். தூள் பட்டு அரித்தால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இனி ரெசின். 100 கிராம் பாலியெஸ்டர் ரெசினில் முதலில் கோபால்ட்டை (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) ஊற்றி நன்றாகக் கலக்குங்கள், அப்புறம்தான் ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே ஸ்பூனையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். கேட்டலிஸ்ட் 100-க்கு 1 முதல் 2 கிராம். இங்கத்தி வெயிலுக்கு 1 போதும். தொடக்கத்தில் நான் மே மாதம் உச்சி வெயிலில் தாராளமாக ஊற்றி, பிளாஸ்டிக் கப்பே புகைந்து உருகி விழுந்ததைப் பார்த்தவன்.

அடுத்தது மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு. அதைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். ஓரம் நூல் நூலாக இருந்தால் அடுத்த மேட்டோடு கலந்துவிடும். வெட்டிய ஓரம் படிக்கட்டு மாதிரி நிற்கும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் மூன்று துண்டு, ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரிதாக. முதலில் பின்புறத்தில் ரெசின் தடவி அதன்மேல் மேட்டை வைத்து, பிரஷ்ஷை இழுக்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளை மேட் நனைய நனைய கண்ணாடிபோல ஆகும். வெள்ளைப் புள்ளி எங்கே மிச்சமோ அங்கே காற்று, அதை விடாதீர்கள். முன்புறப் பள்ளத்திலும் மெல்லிய மேட் திணித்து, மட்டத்துக்குக் கொஞ்சம் தாழ விடுங்கள்.

மறுநாள் மேலாக ஒட்டும் பிசுபிசுப்பை அசிட்டோனால் துடைத்துவிட்டுத் தேயுங்கள். பட்டி வைத்து 80, 180 நம்பர் தாளில் தேய்க்க வேண்டும். பிரைமர் அடித்து 320, 600 தாளில் தண்ணீர் போட்டுத் தேய்க்க வேண்டும். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பொறுமைதான்.

பெயின்ட் அடிப்பதற்கு நேரம் பார்க்க வேண்டும். விடிகாலை பனி ஈரம் இருக்கும். மதியம் தென்கடல் காற்று மணலை வாரிப் போடும். எனக்குக் கிடைப்பது எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடைப்பட்ட நேரம்தான், அதுவும் ஓலைத் தடுப்புக்குள். பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டுக்கு ஹார்டனர் சேர்ப்பதால் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பது வீண் தைரியம், கரி வடிகட்டி முகமூடி வேண்டும். மெல்லிய கோட் இரண்டு. நடுவே விரலால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், ஒட்டினாலும் விரலில் வராத பதம் வந்தபின் அடுத்தது.

மாட்டும்போது மச்சானிடம் காட்டினேன்: வெடிப்பு தொடங்கியதே போல்ட் ஓட்டையில். யாரோ முறுக்கி முறுக்கி இறுக்கியிருக்கிறார்கள். ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, ரப்பர் புஷ்ஷும் அகலமான வாஷரும் போட்டு, கையால் பிடிக்கும்வரை முறுக்கி அப்புறம் ஸ்பேனரில் கால் சுற்று. அவ்வளவுதான்.

ஒரு வாரம் பிரஷர் வாட்டர் அடிக்காதீங்க என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாளே சர்வீஸ் ஸ்டேஷனில் வண்டி நின்றது. நல்ல வேளை, பெயின்ட் உரியவில்லை.