வெர்டியின் ஊர்ப்பக்கம் ஒரு நாள்: இசை, சாப்பாடு, ஒயின் மூன்றையும் ஒரே பயணத்தில் அடக்குவது எப்படி

இத்தாலிக்குப் போகிற நம் ஆட்கள் ரோம், பிளாரன்ஸ், வெனிஸ் என்று ஒரு ஓட்டம் ஓடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மிலானுக்கும் போலோன்யாவுக்கும் நடுவில் வருகிற பார்மாவை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால் இசை, சாப்பாடு, ஒயின் மூன்றும் ஒரே நாளில் வேண்டும், அதுவும் ஐம்பது பேரோடு பஸ்ஸில் ஏறாமல் நாமே நமக்காக ஏற்பாடு செய்துகொண்ட பயணமாக இருக்க வேண்டும் என்றால், பார்மாவிலிருந்து வடமேற்கே புசெத்தோ பக்கம் போவதுதான் என் முதல் தேர்வு. ஓபராவின் பெரிய பெயர்களில் ஒருவரான ஜூசெப்பே வெர்டி பிறந்து வளர்ந்த மண் அது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸும், குலாத்தெல்லோ என்ற பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சியும் அதே மண்ணில்தான் உருவாகின்றன. பார்மாவிலிருந்து புசெத்தோவுக்குச் சுமார் 40 கிலோமீட்டர், மற்ற இடங்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

திட்டம் போடும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இந்த ஊர்களுக்கு என்று ஒரு கடிகாரம் இருக்கிறது. சீஸ் காய்ச்சுவது காலையில் மட்டும். மதிய உணவு பன்னிரண்டரைக்குத் தொடங்கி இரண்டரைக்குள் முடிந்துவிடும், மூன்று மணிக்குப் போய் நின்றால் அடுப்பு அணைந்திருக்கும். மதியம் கடைகளும் சிறு மியூசியங்களும் கதவைச் சாத்திவிடும். இதையெல்லாம் பார்க்காமல் நம் ஆசைப் பட்டியலை வைத்து நாளைப் போட்டால் பாதி நாள் பூட்டிய கதவுகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பல இடங்களுக்கு அன்று விடுமுறை.

முதலில் கார் விஷயம். ஒயின் குடிக்கிற நாளில் நீங்களே ஓட்டுவேன் என்று நிற்காதீர்கள். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை, லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு அது பூஜ்யம். போதாததற்கு, பார்மாவின் பழைய நகரப் பகுதியில் அனுமதி இல்லாமல் நுழைந்தால் கேமரா படம் எடுத்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக அபராதம் வீடு தேடி வரும். ஓட்டுநரோடு நாள் வாடகைக்கு வரும் கார்களை அங்கே என்.சி.சி. என்பார்கள், ஹோட்டலில் சொன்னாலே ஏற்பாடு செய்து தருவார்கள். நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் கையைக் கடிக்காது. எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், கூடுதல் நேரத்துக்கு என்ன கணக்கு என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். காரே வேண்டாம், ரயிலில் போகலாம் என்றால் புசெத்தோவில் ஸ்டேஷன் உண்டு, பிதென்சா–கிரெமோனா பாதையில். ஆனால் சீஸ் பண்ணையும் ஆற்றங்கரைக் கிராமமும் அந்தப் பாதையில் இல்லை.

காலை எட்டு மணிக்குக் கிளம்பி முதல் நிறுத்தமாக வழியில் உள்ள ஒரு சீஸ் தயாரிப்பு இடத்தை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதைக் காசெய்ஃபிச்சோ என்பார்கள். முன்பதிவு கட்டாயம். முந்தின மாலை கறந்த பாலை இரவு முழுக்க வைத்து மேலே திரளும் ஆடையை எடுத்துவிட்டு, காலைப் பாலை அப்படியே சேர்த்துச் செம்புக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். பால் உறைந்ததும் பெரிய கம்பிக் கூடை மாதிரியான ஒரு மத்தால் அதை அரிசி மணி அளவுக்கு உடைப்பார்கள். பிறகு சூடேற்றினால் மணிகள் எல்லாம் அடியில் போய் ஒரே கட்டியாகச் சேரும். அதற்கப்புறம் நடப்பதுதான் பார்க்க வேண்டியது: இரண்டு பேர் கொப்பரையின் இரு பக்கமும் நின்று, மரத்துடுப்பால் அந்தக் கட்டியைக் கிளப்பி, துணியில் ஏந்தி, கத்தியால் சரிபாதியாக வெட்டி இரண்டு மூட்டையாகத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு கொப்பரையிலும் இரண்டு சீஸ், எப்போதும் இரட்டைதான். ஒன்பது ஒன்பதரைக்குள் போய்ச் சேராவிட்டால் இந்தக் காட்சி முடிந்திருக்கும், கழுவிவிட்ட தரையைத்தான் பார்ப்பீர்கள்.

ஒரு சீஸுக்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால் பிடிக்கிறது, எடை 40 கிலோ பக்கம் வரும். குறைந்தது 12 மாதம் பழுக்க வேண்டும். அந்த 12 மாதம் ஆனதும் ஒரு நிபுணர் சிறு சுத்தியலோடு வந்து தட்டித் தட்டி, ஓசையை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். காலையில் முதலில் கேட்கிற இசை அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ருசி பார்க்கும்போது 12, 24, 36 மாதம் மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள், ஒன்றை மட்டும் தின்றுவிட்டு வருவதில் பிரயோஜனம் இல்லை. 36 மாதச் சீஸில் பல்லில் நறநறவென்று படும் வெள்ளைப் பொடி உப்பு இல்லை, புரதம் உடைந்து படிகமானது.

சைவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பார்மிஜானோவில் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட். இதில் விதிவிலக்கே கிடையாது, விதிப்படி அதுதான் சேர்க்க வேண்டும். சீஸ் சாப்பிடுவேன், ஆனால் இது மட்டும் ஆகாது என்பவர்கள் இந்தப் பகுதியில் எந்தச் சாப்பாட்டையும் கேட்டுத்தான் தொட வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றின் மேலும் அதைத் துருவிப் போடுவார்கள்.

பத்தரை வாக்கில் ரோன்கோலே. வெர்டி 1813 அக்டோபரில் பிறந்த வீடு இங்கே இருக்கிறது. அப்பா கார்லோ அந்த வீட்டிலேயே சத்திரமும் மளிகை வியாபாரமும் நடத்தினவர். பெரிதாக எதுவும் இல்லை, அரை மணி நேரம் போதும். எனக்கு வீட்டைவிட எதிரே இருக்கிற சான் மிக்கேலே தேவாலயம்தான் முக்கியமாகப் படுகிறது. அங்கேதான் அவருக்கு ஞானஸ்நானம், அங்கே உள்ள ஆர்கனில்தான் சிறுவனாக வாசித்துப் பழகினார், பிறகு அங்கேயே வாசிப்பவராகவும் ஆனார். இந்தப் பொட்டல் சமவெளியில் ஒரு கடைக்காரர் மகன் எங்கிருந்து இசையைப் பிடித்தான் என்று கேட்டால் அந்த ஆர்கனைத்தான் காட்ட வேண்டும்.

அங்கிருந்து புசெத்தோ ஐந்து கிலோமீட்டர்தான். கோட்டைக்குள்ளேயே சுமார் 300 பேர் உட்காரும் குட்டித் தியேட்டர், பெயர் தியாத்ரோ வெர்டி, திறந்தது 1868இல். ஊர்க்காரர்கள் அவர் பெயரையே வைத்துக் கட்டினார்கள், அவருக்கோ அது வீண் செலவு என்று கடுப்பு. பணமும் கொடுத்தார், தனி பாக்ஸும் வாங்கினார், ஆனால் கடைசி வரை உள்ளே காலடி வைக்கவில்லை. உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள், நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். அப்புறம் பரேத்சி வீடு. அந்தோனியோ பரேத்சி என்ற வியாபாரிதான் வெர்டியின் திறமையைப் பார்த்துப் படிக்கப் பணம் கொடுத்தவர், பின்னால் தன் மகள் மார்கெரித்தாவைக் கட்டியும் கொடுத்தார். வாலிப வெர்டி வாசித்த கூடம் இன்றும் இருக்கிறது.

புசெத்தோவுக்கு வெளியே சாந்த் அகாத்தாவில் வெர்டி அரை நூற்றாண்டு வாழ்ந்த பண்ணை வீட்டைப் பார்க்கலாம் என்று பழைய பயண நூல்கள் எல்லாம் சொல்லும். வாரிசுகளுக்குள் தகராறாகி வீடு பொதுமக்களுக்கு மூடப்பட்டது, அரசு கையகப்படுத்தும் வேலையில் இறங்கியது. அன்றைய நிலவரத்தைப் பார்க்காமல் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. இறைச்சி சாப்பிடுபவர்கள் குலாத்தெல்லோவில் தொடங்கி, ஸ்பாலா கோத்தா என்ற வேகவைத்த பன்றித் தோள் இறைச்சியையும் ஒரு துண்டு கேட்டுப் பாருங்கள். சான் செகொந்தோ ஊரின் சரக்கு அது. வெர்டி அதை நண்பர்களுக்கு அனுப்பி, எப்படி ஊறவைத்து எவ்வளவு நேரம் வேகவிட வேண்டும் என்று கடிதமும் எழுதுவார். சைவர்களுக்கு தொர்த்தெல்லி தெர்பெத்தா: கீரையும் ரிக்கோத்தா என்ற மென்மையான பாலாடைக்கட்டியும் அடைத்த பாஸ்தா, மேலே வெண்ணெயும் பார்மிஜானோவும். அனொலினி இன் பிரோதோ என்று ஒன்று இருக்கும், பெயரைக் கேட்டுச் சாதாரண சூப் என்று நினைத்துவிடாதீர்கள், அது இறைச்சிச் சாறு. தொர்த்தா ஃப்ரித்தா பார்க்க நம் பூரி மாதிரியே உப்பி வரும், ஆனால் பரம்பரை முறையில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பது, எண்ணெயா கொழுப்பா என்று கேட்டுவிட்டுக் கைவையுங்கள்.

இனி இசை. நாமே நமக்காக ஏற்பாடு செய்த பயணம் என்றால் இங்கேதான் வித்தியாசம் தெரிய வேண்டும். பார்மாவில் அர்ரிகோ போயித்தோ பெயரில் இசைக் கல்லூரி இருக்கிறது, பாடகர்களுக்கும் பியானோக்காரர்களுக்கும் அந்த ஊரில் பஞ்சமே இல்லை. நமக்காக மட்டும் ஒரு பாடகர், ஒரு பியானோக்காரர், நாற்பது நிமிடம், அவ்வளவு போதும். உள்ளூர் வழிகாட்டி வழியாக இரண்டு மாதம் முன்பே பேசிவிடுங்கள். இடத்தில் சுருதி சேர்த்த பியானோ இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, பண்ணை விடுதிகளில் அலங்காரத்துக்கு நிற்கும் பியானோக்கள் உண்டு.

என்ன பாடச் சொல்வது? எல்லோரும் கேட்பது வெர்டியின் ஓபராக்களில் வருகிறவை: லா திராவியாத்தாவின் குடிப்பாட்டு, ரிகொலெத்தோவின் 'லா தொன்னா ஏ மோபிலே'. கேளுங்கள், தப்பில்லை. ஆனால் ஆயிரம் பேர் இருக்கும் அரங்கின் கடைசி வரிசை வரை மைக் இல்லாமல் போய்ச் சேரப் பழகின குரல், வரவேற்பறையில் ஆறடி தள்ளி நின்று பாடினால் காது ரீங்கரிக்கும். அதனால் வெர்டி வீட்டுக் கூடங்களுக்காகவே எழுதின சிறு பாட்டுகளைக் கேளுங்கள். ரொமான்சே என்பார்கள், 1838இல் ஆறு, 1845இல் ஆறு என்று இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. இரண்டாவதில் ஒயின் கிண்ணத்தைப் பார்த்துப் பாடுகிற ஒரு பிரிந்திசியும் உண்டு, இந்த நாளுக்கென்றே எழுதின மாதிரி. சாப்பிட்டுக்கொண்டே கேட்கும் ஏற்பாடு வேண்டாம். கத்தி முள்கரண்டி ஓசையில் பாடுபவருக்கும் மரியாதை இல்லை, நமக்கும் எதுவும் காதில் விழாது. சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு, மேசையை விட்டு எழுந்து வேறு நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள்.

பாடகருக்கெல்லாம் பட்ஜெட் இல்லை என்றால் செப்டம்பர், அக்டோபரில் பார்மாவில் நடக்கும் வெர்டி விழா நேரத்தில் போய், பகலில் கிராமம், இரவில் ஓபரா என்று வைத்துக்கொள்ளலாம். அறை வாடகை ஏறும், முன்பே பிடித்துவிட வேண்டும். விழாவும் வேண்டாம் என்பவர்கள் ஏப்ரல், மே போங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயிலும் ஆற்றங்கரைக் கொசுவும் என் எதிரிக்குக்கூட வேண்டாம்.

நாலரைக்கு, 'போ' என்ற ஆற்றின் கரையில் உள்ள போலெசினே கிராமம். அங்கே அந்திக்கா கோர்த்தே பல்லவிச்சினா என்ற பழைய கோட்டை வீட்டின் நிலவறையில் குலாத்தெல்லோக்கள் பேரிக்காய் வடிவில் வரிசை வரிசையாகத் தொங்கும். உப்பு தடவிய தொடைத் தசையைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் திணித்து, கயிற்றால் வலை மாதிரிக் கட்டி, குறைந்தது பத்து மாதம் தொங்கவிடுகிறார்கள். வெளியே சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சணம் படிந்திருக்கும், வாசனை ஈரமண்ணும் பழைய மரமும் கலந்தது. குளிர்காலத்தில் ஆற்றிலிருந்து வரும் மூடுபனிதான் சரக்கே. ஈரம் இல்லாவிட்டால் தசை காய்ந்து இறுகிப்போகும், அதனால்தான் இதே பன்றித் தொடையை எலும்போடு ஹாம் ஆக்கும் வேலை தெற்கே காற்றோட்டமான லாங்கிரானோ மலைப்பக்கம் நடக்கிறது, இது மட்டும் இந்தச் சமவெளியில். வெட்டும் முன் ஒயினில் ஊறவைத்துத்தான் தோலை உரிப்பார்கள்.

ஒயினையும் இந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், நாளின் கடைசியில். இங்கே குடிப்பது நுரைக்கும் சிவப்பு ஒயின் லாம்ப்ருஸ்கோ, கொஞ்சம் குளிராக. இறைச்சியின் கொழுப்பை நாக்கிலிருந்து வழித்துவிடுவதற்கென்றே அந்த நுரை. உலர்ந்த வகையா இனிப்பா என்று கேட்டு உலர்ந்ததை வாங்குங்கள், வெளிநாட்டில் லாம்ப்ருஸ்கோவின் பெயரைக் கெடுத்தது மலிவான இனிப்புச் சரக்குதான். ஆற்றோரத்தின் ஃபொர்தானா ஆல்கஹால் குறைவானது, லேசாக இனிக்கும், முதன்முறை குடிப்பவர்களுக்கு ஏற்றது. வெள்ளையில் மால்வாசியா, மல்லிகை மாதிரி மணம் தூக்கும். பழைய கடைகளில் கண்ணாடிக் கோப்பைக்குப் பதில் வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள், அப்படித் தந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மூன்று வகைக்கு மேல் போக வேண்டாம், ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்புவது அவமரியாதை இல்லை.

திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி சரிவராது, தோட்டங்கள் தெற்கே மலைப்பக்கம். அதற்கு இன்னொரு நாள் ஒதுக்கி, பதினைந்தாம் நூற்றாண்டின் தொர்ரெக்கியாரா கோட்டை, லாங்கிரானோ ஹாம், மால்வாசியா தோட்டம் என்று போகலாம். இரண்டு திசையையும் ஒரே நாளில் திணித்தால் காரில் உட்கார்ந்ததுதான் நினைவிருக்கும்.

திரும்பும் வழியில் காரில் போட ஒன்று சொல்கிறேன்: வெர்டியின் ஃபால்ஸ்தாஃப் ஓபரா, மூன்றாம் அங்கத்தின் தொடக்கம். 1893இல் அது மேடையேறியபோது வெர்டிக்கு வயது 79. ஆற்றில் தூக்கி வீசப்பட்டு நனைந்து வந்த குண்டுக் கிழவன் ஒரு கோப்பைச் சூடான ஒயின் கேட்டு வாங்கிக் குடிக்கிறான், அது உடம்புக்குள் இறங்க இறங்க ஒரு சின்ன நடுக்க ஒலி கிளம்பி, வாத்தியம் வாத்தியமாகப் பரவி, கடைசியில் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் கிறுகிறுக்கும். மூன்று கிண்ணம் லாம்ப்ருஸ்கோவுக்குப் பிறகு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

வாங்கி வருவதென்றால் சீஸ்தான் உத்தமம், காற்று நீக்கி அடைத்துத் தரச் சொல்லுங்கள், கடினச் சீஸ் என்பதால் பயணம் தாங்கும். இறைச்சியைப் பெட்டியில் வைக்குமுன் போகிற நாட்டின் சுங்க விதியைப் பாருங்கள். ஒயின் இந்தியாவுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லை, அதாவது 750 மில்லி பாட்டிலில் இரண்டு. நுரைக்கும் பாட்டிலைத் துணிக்கு நடுவில் சுற்றி, செக்-இன் பெட்டியின் மையத்தில் வையுங்கள்.