சண்டை போடும் முயல்களைச் சேர்த்து வைப்பது எப்படி

குட்டியிலிருந்து ஒட்டிக்கொண்டே தூங்கிய முயல்கள் நாலு மாதம் ஆனதும் ஒன்றையொன்று கடிக்க ஆரம்பித்தால் பயந்துவிடாதீர்கள். பருவத்துக்கு வந்துவிட்டன, அவ்வளவுதான். கூடப் பிறந்தவையும் இப்படித்தான். ஆனால் "அதுகளே அடிச்சுக்கிட்டு சமாதானமாகிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முயல் சண்டையில் கண் போகும், காது கிழியும். இரண்டையும் அன்றைக்கே தனித்தனிக் கூண்டில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது கருத்தடை. இதைச் செய்யாமல் மற்றதையெல்லாம் செய்வது பெரும்பாலும் வீண். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முதல்நாள் இரவு பட்டினி போடச் சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள். முயலுக்கு வாந்தி எடுக்கவே முடியாது. அதைப் பட்டினி போடுவதில் பலன் இல்லை, குடல் நின்றுபோகும் ஆபத்துதான் உண்டு. ஆண் முயல் ஆபரேஷனுக்குப் பிறகும் ஆறு வாரம் வரை குட்டி கொடுக்கலாம். அதுவரை பெண் முயலிடம் விடக் கூடாது.

காத்திருக்கும் நாட்களை வீணாக்க வேண்டாம். இரண்டு கூண்டையும் பக்கத்தில் வையுங்கள், நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் கம்பி வழியாகவே மூக்கையும் கால் விரலையும் கடித்துக்கொள்ளும். தினமும் கழிவுத் தட்டை மாற்றி வையுங்கள், இதன் புழுக்கை வாசம் அதற்கு, அதன் வாசம் இதற்கு. கொத்தமல்லித் தழையையும் அருகம்புல்லையும் இடைவெளியை ஒட்டிப் போடுங்கள். எங்கள் வீட்டுக் கருப்பன் முதலில் தழையைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடிவிடுவான். அப்புறம் பஞ்சுவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து மெல்ல ஆரம்பித்தான். இரண்டும் கம்பியோரம் கால் நீட்டிப் படுத்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

நேரில் விடும் இடம் இரண்டுக்குமே புதிதாக இருக்க வேண்டும். நாங்கள் மாடிப்படித் திருப்பத்தை அடைத்துப் பாய் விரித்துவிட்டோம். வழுக்கும் தரையில் முயல் மிரளும். விடியற்காலையில் செய்யுங்கள், நம் ஊர் வெயில் ஏறிவிட்டால் முயல் தாங்காது. கையில் தடித்த கையுறை, பக்கத்தில் ஒரு முறம். சண்டை மூண்டால் முறத்தைத்தான் நடுவில் நுழைக்க வேண்டும், வெறும் கையை அல்ல.

கொஞ்சம் துரத்துவது, ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது, ஒரு கொத்து முடி பறப்பது எல்லாம் இருக்கும். யார் பெரியவர் என்று முடிவாகும்வரை விட்டுவிடுங்கள். தலைப் பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்குங்கள், கீழே இருப்பது மர்ம உறுப்பைக் கடித்துவிடும். காது பின்னால் படிந்து, வால் நிமிர்ந்து, உடம்பு விறைத்தால் சண்டை வரப்போகிறது. இரண்டும் ஒன்றின் வாலை ஒன்று துரத்திச் சுற்ற ஆரம்பித்தால் ஒரு நொடியும் பொறுக்காதீர்கள்.

நான் ஆசையாகப் பார்ப்பது தலை தாழ்த்துவதைத்தான். பஞ்சு தாடை தரையில் படும்படி குனிந்து கருப்பனின் வாய்க்கு நேராக நெற்றியை நீட்டுவாள், நக்கிவிடச் சொல்கிறாள் என்று அர்த்தம். அவனும் அதேபோல் குனிந்து காத்திருப்பான். யாரும் நக்காவிட்டால் ஒரு கடி விழும். அந்த நேரத்தில் இரண்டு நெற்றியிலும் துளி வாழைப்பழக் கூழைத் தடவினேன். பழத்துக்காக நக்கப் போய், பழம் தீர்ந்த பிறகும் கருப்பன் அவள் கண்ணோரம், காதடி என்று நக்கிக்கொண்டே இருந்தான்.

முதலில் பத்து நிமிடம் போதும். சண்டை வருவதற்கு முன்பே, நல்லபடியாக இருக்கும்போதே முடித்துவிட்டு மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். சேர்ந்து தின்று, ஒட்டிப் படுத்து, பல மணி நேரம் சண்டை இல்லாமல் இருந்தால் ஒரே வீட்டுக்கு மாற்றலாம். அதற்கு முன் அந்த இடத்தை வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்துப் பழைய வாசம் போக்குங்கள். தண்ணீர்க் கிண்ணம் இரண்டு, புல் வைக்கும் இடம் இரண்டு. ஒளிந்துகொள்ளும் அட்டைப் பெட்டிக்கு இரண்டு வாசல் வெட்டுங்கள், ஒன்று மறித்தாலும் மற்றது வெளியேற வழி வேண்டும்.

ஒவ்வொரு முறையும் முடியை விலக்கித் தோலைத் தடவிப் பாருங்கள். கடிக்காயம் வெளியே தெரியாமல் உள்ளே சீழ் கட்டும். அரைநாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். போகும்போது இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள், ஒன்று மட்டும் ஆஸ்பத்திரி வாசத்தோடு திரும்பினால் மறுபடியும் சண்டை தொடங்கலாம்.