குறைந்த செலவில் விளம்பர வீடியோ

புதுக் கேமரா வேண்டாம், கையிலிருக்கும் போனே போதும். செலவு செய்வதென்றால் சட்டையில் மாட்டும் சின்ன மைக்குக்குச் செய்யுங்கள். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு இரைச்சலில் அமுங்கினால் அடுத்த நொடியே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

லென்ஸைத் துடைத்துவிட்டு (இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்) பின்பக்கக் கேமராவில் எடுங்கள். முகத்தில் வெளிச்சம் விழ, பேசுபவர் ஜன்னலைப் பார்த்து நிற்கட்டும். ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்றால் நெட்டுவாக்கில், 9:16 அளவில் (அகலம் 9 பங்கு, உயரம் 16 பங்கு).

"வணக்கம், எங்கள் நிறுவனம்..." என்ற முன்னுரையே கூடாது. முதல் 3 விநாடிக்குள் பொருள் வேலை செய்வதைக் காட்டிவிடுங்கள். கறை நீக்கும் திரவமா? கறை படிந்த சட்டைதான் முதல் காட்சி.

பலர் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதால் சப்டைட்டில் அவசியம். தானாக வரும் தமிழ் எழுத்துகளில் பிழை இருக்கும், திருத்திவிட்டுப் பதிவேற்றுங்கள்.